பிரெஞ்சுப் பீங்கான்: கேட்டதும் சொன்னதும்

கே: பிரான்சில் நல்ல பீங்கான் செய்ய ஏன் அவ்வளவு காலம் பிடித்தது?

ப: மண் கிடைக்கவில்லை. கயோலின் என்ற வெள்ளைக் களிமண் இல்லாமல் சீனத்து ரகம் வராது. ஜெர்மனியின் மைசன் ஆலை 1710லேயே தொடங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மணல், வெடியுப்பு, கடலுப்பு எல்லாம் சேர்த்து உருக்கி, ஆறியதைப் பொடித்து, சுண்ணமண் கலந்து ஒப்பேற்றினார்கள். அதுதான் மென்பீங்கான். பிசைந்தால் இழுவை இருக்காது. சூளையிலும் நிறையப் பாழாகும்.

கே: அப்படியானால் மட்டமான சரக்கா?

ப: என்னைக் கேட்டால், அழகில் அதற்கு ஈடு இல்லை. மேலே பூசும் கண்ணாடி போன்ற, ஈயம் கலந்த மெருகு குறைந்த சூட்டிலேயே இளகும். மேலே தீட்டிய வண்ணம் அதற்குள் இறங்கி ஊறிவிடும். கயோலினில் செய்யும் சீனத்து ரகமான கடினப் பீங்கானில் வண்ணம் மேலேயே நிற்கும். மென்பீங்கானில் கத்தி பட்டால் கீறல் விழும், அது உண்மைதான்.

கே: பிரான்சின் பேர்பெற்ற செவ்ர் பீங்கான் ஆலைக்கும் பொம்பதூர் சீமாட்டிக்கும் என்ன சம்பந்தம்?

ப: அவர் 15ஆம் லூயியின் காதலி, ஆலையின் பெரிய புரவலர். 1740இல் வான்சென்னில் தொடங்கிய ஆலை, 1756இல் அவருடைய பெல்வ்யூ மாளிகைக்கு அருகே செவ்ருக்கு இடம் மாறியது. 1759இல் அரசரே வாங்கிக்கொண்டார்.

கே: லிமோஜ் என்பது கம்பெனியா?

ப: பிரான்சில் ஓர் ஊர். பல ஆலைகள் அந்தப் பெயரை முத்திரையில் போடுகின்றன. 1760களின் பிற்பகுதியில், அதற்குத் தெற்கே சேந்த்-இரியேயில் தார்னே என்ற வைத்தியரின் மனைவி, துணி வெளுக்க ஆகுமா என்று ஒரு வெள்ளை மண்ணை எடுத்ததாகக் கதை. போர்தோ மருந்தாளர் விலாரிஸ் அதைக் கயோலின் என்று கண்டுகொண்டார். 1771இல் லிமோஜில் ஆலை வந்தது. மண் பக்கத்திலேயே, விறகு வியன் ஆற்றில் மிதந்து வரும். மெருகுச் சூளைக்குச் சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வேண்டும், விறகு தின்று தீர்க்கும்.

கே: தட்டின் அடியில் பின்னிய இரண்டு 'எல்' இருக்கிறது. அசல் செவ்ரா?

ப: அவசரப்படாதீர்கள். அது லூயியின் முத்திரை. அதிகம் போலி செய்யப்பட்டதும் அதுதான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1800இல் செவ்ர் ஆலையின் பொறுப்பேற்ற பிரோன்யார், சில ஆண்டுகளில் மென்பீங்கானை நிறுத்தி, தேங்கிக் கிடந்த, வண்ணம் தீட்டாத வெள்ளைச் சரக்கை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் பழைய பாணியில் வண்ணம் தீட்டினார்கள். தட்டு அசல், ஓவியம் போலி! எனவே முத்திரையை மட்டும் நம்பாமல் ஓவியத்தையும் பாருங்கள்.

கே: நம் பக்கம் ஏதாவது தொடர்பு உண்டா?

ப: உண்டு. 1787இல் புதுச்சேரியில் கப்பலேறிய திப்பு சுல்தானின் தூதர்கள், மறுவருடம் செவ்ர் ஆலையையும் பார்த்தார்கள். 16ஆம் லூயி தந்த பரிசுகளில் செவ்ர் பீங்கானும் இருந்தது.

கே: தங்க விளிம்புத் தட்டைப் பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடலாமா?

ப: வேண்டாம், தங்கம் போய்விடும். மெல்லிய பஞ்சால் கையாலேயே கழுவுங்கள்.