150 குதிரைத்திறன், பின்சீட்டில் குடும்பம்: சில கேள்விகள், பதில்கள்

பவர் உள்ள செடான் வாங்குவது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன, முடிந்தவரை பதில் சொல்கிறேன். பெரும்பாலும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.5, ஸ்கோடா ஸ்லாவியா 1.5, ஹூண்டாய் வெர்னா டர்போ மூன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அவற்றை வைத்தே பேசலாம்.

நாமக்கல்லில் இருந்து: அண்ணா, வீட்டில் நான்கு பேர். "நூறுக்கு மேல ஓட்டவே கூடாது, அப்புறம் 150 குதிரைத்திறன் எதுக்கு?" என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்ல?

அப்பா கேட்பது நியாயமான கேள்விதான் தம்பி, பதிலும் இருக்கிறது. பவர் வேண்டியது 140-இல் பறக்க இல்லை. இருவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது எதிர்த்தடத்தில் இருக்கும் நேரத்தைக் குறைக்கத்தான்.

கணக்குப் போட்டே காட்டலாம். லோடு லாரி 45 கிமீ வேகத்தில் போகிறது, எதிரே ஒரு பஸ் 70-இல் வருகிறது. லாரிக்குப் பின்னால் இருந்து கிளம்பி அதைத் தாண்டி மறுபடி உங்கள் பக்கம் வர, லாரியைவிட ஏறக்குறைய 50 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிய, இழுவை குறைந்த காரில் சராசரி 60-தான் கிடைக்கிறது என்றால் 12 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் 200 மீட்டர் ஓடியிருப்பீர்கள், பஸ் 230 மீட்டர் நெருங்கியிருக்கும், ஆக 430 மீட்டர் காலியாக இருந்தாக வேண்டும். அதே இடத்தில் சட்டென்று வேகம் எடுத்துச் சராசரி 70 பிடிக்கும் காருக்கு 7 விநாடிதான், 280 மீட்டர் போதும். இந்த 150 மீட்டருக்குத்தான் காசு கொடுக்கிறோம். விர்டஸ், ஸ்லாவியா 1.5-இல் டார்க், அதாவது எஞ்சினின் இழுவை, 250 நியூட்டன் மீட்டர், வெர்னா டர்போவில் 253. அது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே வந்துவிடுவதால் ஏசி ஓடினாலும் ஆள் நிறைந்திருந்தாலும் வண்டி திணறாது.

ஆனால் பவர் இருக்கிறதே என்று 280 மீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஏறினால் எந்த எஞ்சினும் காப்பாற்றாது. இதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மதுரையில் இருந்து: மூன்றில் எதை எடுக்கலாம் சார்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொன்னால் தப்பாகிவிடும் சார். விர்டஸும் ஸ்லாவியாவும் அடித்தளத்தில் ஒரே வண்டி, இரண்டும் புனே பக்கம் சாகனில் தயாராகின்றன. எஞ்சின், கியர்பாக்ஸ், 521 லிட்டர் டிக்கி எல்லாம் ஒன்றே. உங்கள் ஊரில் யாருடைய சர்வீஸ் சென்டர் ஒழுங்காக வேலை செய்கிறதோ அதை எடுங்கள், தோற்றம் அப்புறம். வெர்னா நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்வது. 160 குதிரைத்திறன், உயர் வகைகளில் முன்னால் வரும் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் வசதியும் உண்டு. ஸ்டீயரிங் லேசு, நகரத்தில் ஓட்டச் சுகம். ஆனால் பின்பக்கம் கூரை சரிந்து இறங்குவதால் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கிற மாதிரி இருக்கும். ஷோரூமில் நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து மயங்காமல், வீட்டில் உயரமானவரைப் பின்னால் உட்கார வைத்துப் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவர் என்றால் என் ஓட்டு விர்டஸ், ஸ்லாவியா பக்கம். வேகத்தில் சாலையைப் பிடித்து நிற்கும் உறுதி அவற்றில் ஒரு படி கூடுதல். 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் மூன்றுமே ஐந்து நட்சத்திரம் வாங்கின, அதனால் அந்த விஷயத்தில் குழப்பம் வேண்டாம்.

வேளச்சேரியில் இருந்து: டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் சென்னை டிராஃபிக்கில் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. விர்டஸ், ஸ்லாவியா 1.5-இல் வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், உலர்ந்த கிளட்ச். உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கின்றன, ஆயிலில் முங்காமல் காற்றில்தான் ஆறுகின்றன. நீங்கள் பிரேக்கை முழுதாக மிதித்தால் கிளட்ச் விலகிவிடும், சூடு இல்லை. பிரேக்கைப் பாதி விட்டு அரை அடி, ஒரு அடி என்று ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடி உரசும், சூடு ஏறும், வருடக்கணக்கில் அப்படி ஓட்டினால் தேயும்.

பழக்கம்தான் மருந்து. முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடம் விழும்வரை முழுப் பிரேக்கில் நில்லுங்கள், அப்புறம் விட்டு நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். மேம்பாலம் ஏறும் இடத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைப்பதை அறவே விட்டுவிடுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் நெரிசலில்தான் என்றால் அதே கார்களின் 1.0 எஞ்சினில் வரும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் நிம்மதி, அது ஆயில் வழியாக இழுவையைக் கடத்துவது. 115 குதிரைத்திறன்தான், ஆனால் ஊருக்குள் அது தாராளம்.

திருப்பூரில் இருந்து: ஷோரூம் விலைக்கும் ஆன்ரோடு விலைக்கும் இவ்வளவு வித்தியாசமா? புதுச்சேரியில் பதிந்தால் மிச்சம் என்கிறார்களே?

2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு செடான்களுக்கு வரி 45 சதவீதத்தில் இருந்து 40 ஆகக் குறைந்தது, அது ஷோரூம் விலையிலேயே அடங்கிவிடும். நம் மாநில ஆயுள் வரி 2023 நவம்பரில் ஏறியது. 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20. 16 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 2 லட்சத்து 88 ஆயிரம். கூட இன்சூரன்ஸ்.

புதுச்சேரியில் குடியிருந்தால் அங்கே பதியுங்கள். இங்கே இருந்துகொண்டு யாரோ ஒருவர் வீட்டு முகவரியைக் காட்டிப் பதியாதீர்கள். 2017-இல் கேரளத்தில் அப்படிச் சொகுசு கார் பதிந்தவர்கள் மேல் வழக்கே வந்தது. விபத்து நஷ்டஈடு கேட்கும் நாளில் முகவரி பொய் என்று ஆனால் மிச்சம் பிடித்த வரியைவிடப் பல மடங்கு போகும்.

ஈரோட்டில் இருந்து: மைலேஜ்? பிரீமியம் பெட்ரோல் போட வேண்டுமா?

நெடுஞ்சாலையில் 90, 100-இல் சீராகப் போனால் 16, 17 வரும், நெரிசலில் 10-க்கும் கீழே போகும். விர்டஸ், ஸ்லாவியாவில் சுமை குறைவாக இருக்கும்போது நான்கில் இரண்டு சிலிண்டர் தானாக ஓய்வெடுக்கும், அது சீராக ஓட்டுபவருக்குத்தான் லாபம். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் (எஞ்சின் தட்டாமல் எரியும் தர அளவு) 95 இருக்க வேண்டும் என்பதே தர விதி, அதனால் பிரீமியம் தேவையில்லை. எத்தனாலில் எரிசக்தி குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

கோவையில் இருந்து: ப்ரோ, ரீமேப் பண்ணி 190 ஆக்கலாமா?

எஞ்சின் மென்பொருளை மாற்றிப் பவர் ஏற்றும் அந்த வேலை வேண்டாம். வாரண்டி போகும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் கிளெய்மும் சிக்கலாகும், விர்டஸ், ஸ்லாவியாவின் அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸே 250 நியூட்டன் மீட்டரை ஒட்டி வடிவமைத்தது. அந்தக் காசுக்கு நல்ல டயர் நான்கு வாங்குங்கள். 205/55 ஆர்16 அளவில் நல்ல டயர் கிடைக்கிறது, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

தஞ்சாவூரில் இருந்து: புது விர்டஸ் விலைக்குப் பழைய ஸ்கோடா ஆக்டேவியா, சூப்பர்ப் கிடைக்கிறது. எடுக்கலாமா?

ஆசையான கேள்வி. அவற்றில் பின்னாளில் வந்த 2.0 டிஎஸ்ஐ பெட்ரோல் எஞ்சினுக்கு 190 குதிரைத்திறன், கிளட்ச் ஆயிலில் முங்கியது. ஓட்டிப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். எடுக்கலாம், ஆனால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். வருடச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள், உதிரிபாகம் ஒவ்வொன்றுக்கும் பெரிய வண்டிக்குரிய விலைதான்.

சென்னை வண்டி என்றால் வெள்ளம் பார்த்ததா என்று சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய கார்கள் கொஞ்சமா என்ன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். முதல் ஓரடி சுத்தமாக இருக்கும், எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை ஒரு கோடாக நிற்கும். சீட்டை முன்னே தள்ளி அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் விரலைத் தேயுங்கள், மெல்லிய மண் ஒட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் இந்த மூன்று இடத்தைப் பெரும்பாலும் யாரும் துடைப்பதில்லை.

பொள்ளாச்சியில் இருந்து: அண்ணா, நான்தான் ஓட்டுவேன், மாதம் ஒருமுறை வால்பாறை. ஆட்டோமேட்டிக்கில் மலை இறங்கப் பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம் மா. ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி, எல்லாவற்றுக்கும் எண் பலகை உண்டு. இறங்கும்போது லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது கியரில் வைத்துவிடுங்கள். எஞ்சின் சத்தம் கூடும், அது வண்டியைப் பிடித்து நிறுத்துகிற சத்தம், கெட்டது இல்லை. டி-யிலேயே விட்டால் அது மைலேஜுக்காக மேல் கியருக்குத் தாவும், நீங்கள் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பீர்கள், பாதி மலையில் தீய்ந்த வாசனை வரும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து விட்டுவிடுங்கள், வளைவுக்குள் பிடிக்க வேண்டாம். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், பஸ் என்றால் வளைவுக்கு முன்னாலேயே நின்று அதைத் திருப்ப விடுங்கள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு கைப்பிடிச் சுவர்மேலேயே நிற்கும். முன்னால் போகிறவர் போட்டோ எடுக்கத் திடீரென்று நிறுத்துவார், இடைவெளி விடுங்கள்.

திண்டுக்கல்லில் இருந்து: பின்சீட்டில் அம்மா பெல்ட் போடவே மாட்டேன் என்கிறார். குழந்தை மடியில். என்ன செய்ய?

எல்லாக் கேள்வியையும்விட இதுதான் முக்கியம். ஐந்து நட்சத்திரம் வாங்கிய சோதனையில் பொம்மைகள் பெல்ட் போட்டிருந்தன, குழந்தைப் பொம்மைகள் சைல்டு சீட்டில் இருந்தன. பெல்ட் இல்லை என்றால் அந்த நட்சத்திரம் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. 50 கிமீ வேகத்தில் மோதினால் 10 கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது, அது பலத்தால் ஆகிற காரியம் இல்லை. பின்சீட்டில் பெல்ட் போடுவது சட்டப்படியும் கட்டாயம்.

இந்த மூன்று காரிலும் பின்னால் ஐசோஃபிக்ஸ் கொக்கி உண்டு, சைல்டு சீட் சொடக்கென்று மாட்டிக்கொள்ளும். வண்டி புக் செய்யும் அன்றே சீட் கவர், பம்பர் கம்பி என்று ஷோரூமில் நீட்டும் பட்டியலை ஒதுக்கிவிட்டு அந்தக் காசில் சைல்டு சீட் வாங்குங்கள். அம்மாவுக்குப் பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்றால் அவரை ஓரத்துச் சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்து, கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படுகிற மாதிரி நீங்களே ஒருமுறை இழுத்து மாட்டிவிடுங்கள், பெரும்பாலும் அசௌகரியம் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் அவர் போடும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.