உள்ளூரில் மட்டும் செல்லும் பணத்தால் ஊருக்குப் பயன் உண்டா? ஓய்வு பெற்றவர்கள் ஏன் அதை ஆதரிக்கிறார்கள்?

முப்பத்து நாலு வருஷம் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தவன் நான். தொட்டாலே நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லிவிடுவேன் என்கிற மிதப்பு இன்னும் போகவில்லை.

ரிட்டயர் ஆன மறுவருஷம், 2014ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிரேட் பாரிங்டன் என்ற சின்ன ஊர். ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையோடு ஒரு நோட்டு வந்தது. டாலர் இல்லை. '5 பெர்க்‌ஷேர்' என்று போட்டிருந்தது. அதில் இருந்த முகம் டு பாய்ஸ். 1868ல் அதே ஊரில் பிறந்த கறுப்பின அறிஞர். விளையாட்டு நோட்டைத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

2006லிருந்து புழங்குகிற பணமாம். நான் போயிருந்தபோது உள்ளூர் வங்கியில் 95 டாலர் கட்டினால் 100 பெர்க்‌ஷேர் தருவார்கள். கடையில் அது முழு 100 டாலராகச் செல்லும். நமக்கு அஞ்சு டாலர் லாபம். ஆனால் கடைக்காரர் அதை வங்கியில் மாற்றினால் 95தான் கிடைக்கும். சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. நஷ்டம் வேண்டாம் என்றால் அதை வாங்கிக்கொள்ள உள்ளூரிலேயே இன்னொரு ஆளைத் தேடியாக வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் முட்டை கொண்டுவருகிறவரிடம் கேட்டிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார். அதற்கு முன்னால் முட்டை வேறெங்கிருந்தோ லாரியில் வந்துகொண்டிருந்ததாம்.

எனக்கு அஞ்சு டாலரைவிடப் பெரிய லாபம், பேச்சுத் துணை. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், 'பெர்க்‌ஷேர் வாங்குவீர்களா?' என்று கடை கடையாகக் கேட்கப் போய்த்தான் பாதி ஊரைத் தெரிந்துகொண்டேன். ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: இதற்கெல்லாம் நேரம் வேண்டும். என் மகள் ஒரு நாளும் அந்த நோட்டைத் தொடவில்லை. அவளுக்குக் கார்டு போதும்.

இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தது பொருளாதார அறிஞர் ஷூமாக்கரின் பெயரில் இயங்கும் மையம். அந்த ஷூமாக்கர் தன் எழுத்தில் மேற்கோள் காட்டியவர்களில் ஒருவர், கிராமப் பொருளாதாரத்தை வலியுறுத்திய காந்தியவாதி, நம் ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். எனக்குப் பக்கத்து ஊர். அந்த ஆசிரமத்தின் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்று கடல் தாண்டிப் போய்த்தான் படித்தேன். வெட்கம்தான்.

இங்கே அப்படி அச்சடிக்க முடியாது. கொண்டுவருகிறவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாகச் சீட்டு வெளியிட, 1934ஆம் வருஷ ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தனியாருக்கு இடம் கொடுக்காது. அதனால் நாங்கள் நாலு பென்ஷன்காரர்கள் சுலபமான ஒன்றைச் செய்கிறோம். மாதச் சாமான் முழுவதும் தெரு முனை மளிகைக் கடையில், காய் உழவர் சந்தையில்.

நடுவில் ஒருத்தர் நழுவி, ஆப்பில் ஆர்டர் போட ஆரம்பித்தார். கோபமாகக் கேட்கப் போனால், முழங்கால் வலியாம். இரண்டு மாடி ஏறி இறங்க முடியவில்லையாம். மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். 'இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்?' என்று சலித்துக்கொண்டார். இப்போது பையன் மாடி ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறான்.