காப்பீட்டு அட்டையா, அரசு மருத்துவமனையா? கேள்வி பதில்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், அதோடு இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, அரசு மருத்துவமனைகளின் எதிர்காலம். இவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். எந்த நோய்க்கு எந்த மாத்திரை, எந்த நிறுவனத்தின் பாலிசி நல்லது என்றெல்லாம் கேட்க வேண்டாம்.

அரியலூர் வாசகர்: ரேஷன் கார்டு இருக்கிறது. காப்பீட்டு அட்டை எடுக்க என்ன செய்ய வேண்டும்?

ரேஷன் கார்டு மட்டும் போதாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 வரை இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. அப்போது தள்ளுபடி ஆனவர்கள் இப்போது மறுபடியும் முயலலாம்.

முதல் வேலை, ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. முன்னெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தாலே வேலை இழுத்துக்கொண்டு போகும். அடுத்து இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் பார்த்த பிறகு தாலுகா ஆபீஸில் கையெழுத்தாகி வரும். சான்று, ரேஷன் கார்டு, வீட்டிலுள்ள எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இத்திட்டத்துக்கென இருக்கும் பதிவு மையத்துக்குப் போங்கள்.

கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர்தான் குடும்பம் என்ற கணக்கில் வருவார்கள். அவர்கள் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருந்தால் அங்கே நீக்கி இங்கே சேர்த்த பிறகுதான் வரவும். பிரசவ நேரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். நோய் வருவதற்கு முன் அட்டை எடுங்கள். இதை இன்னும் சில தடவை சொல்ல வேண்டி வரும் என்று தெரியும்.

செங்கல்பட்டு வாசகி: அட்டையில் கிடைக்கும் 5 லட்சம் ரூபாய் ஆளுக்கா, குடும்பத்துக்கா?

குடும்பத்துக்கு, ஓர் ஆண்டுக்கு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. தனியார் பாலிசியில் வரும் காத்திருப்புக் காலம் இதில் கிடையாது.

திருப்பூர் வாசகர்: அப்பாவுக்கு இதய அடைப்பு. தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து பணம் கட்டி ஸ்டென்ட் வைத்துவிட்டோம். அட்டை இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடே இந்தத் திட்டத்தில் இல்லை. மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் போகும், அவ்வளவுதான்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அட்மிஷன் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா? இந்தத் துறைக்கு இருக்கிறதா? கண்ணுக்கு அனுமதி பெற்ற இடம் இதயத்துக்கும் பெற்றிருக்கும் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது, டாக்டர் சொல்லும் சிகிச்சை பட்டியலில் உள்ளதா? ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன, ஆனால் எல்லாமும் இல்லை.

மூன்றுக்கும் ஆம் என்றால் டாக்டரின் குறிப்பு, ஸ்கேன், பரிசோதனை முடிவுகளை ஏற்றி முன் அனுமதி கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் தொலைபேசியிலேயே தகவல் சொல்லிச் சிகிச்சையைத் தொடங்க வழி உண்டு. “அப்ரூவல் வர நாளாகும், இப்போதைக்குப் பணம் கட்டுங்கள், பிறகு பார்த்துக்கலாம்” என்று சொன்னால் அந்தப் பிறகு வரவே வராது.

அனுமதி வந்த பிறகும் “நல்ல ஸ்டென்ட் வேண்டுமா, வித்தியாசத்தைக் கட்டுங்கள்” என்பார்கள். அந்தச் சிகிச்சைக்கெனத் திட்டம் தரும் பேக்கேஜ் தொகையில் படுக்கை, சாப்பாடு, அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, மருந்து மாத்திரை, உள்ளே வைக்கும் கருவி எல்லாமே அடக்கம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கேட்டால் 1800 425 3993-க்குப் பேசுங்கள். எழுத்தில் புகார் தர, கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது. ரசீது இருந்தால் புகார் நிற்கும், இல்லாவிட்டால் உங்கள் பேச்சுக்கு எதிராக அவர்கள் பேச்சு.

விழுப்புரம் வாசகர்: நான் அரசு ஊழியர்...

உங்களுக்கு வேறு திட்டம். சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அது. உங்கள் சம்பளக் கணக்கு அலுவலகத்தைக் கேளுங்கள்.

ஓசூர் வாசகர்: கம்பெனியில் மாதம் 18,000 சம்பளம். எனக்கு உண்டா?

மாதம் 21,000 வரை சம்பளம் என்றால் நீங்கள் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டில் வருவீர்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இஎஸ்ஐயில் ஓபி, அதாவது வெளிநோயாளி மருந்தும் உண்டு, அட்டையில் அது கிடையாது.

கோவை வாசகர்: நேரடியாகக் கேட்கிறேன். ஜிஎச்களுக்குக் கொட்டும் பணத்தை நிறுத்திவிட்டு எல்லாக் குடும்பத்துக்கும் அட்டை கொடுத்தால் என்ன? நோயாளி விரும்பிய இடத்துக்குப் போவான். போட்டி வந்தால் தரம் தானாக வரும். தாய்லாந்து அதைத்தானே செய்தது?

தாய்லாந்திலிருந்தே தொடங்குகிறேன். அவர்கள் எல்லோருக்கும் அட்டை கொடுத்தது 2002-ல். ஆனால் படித்து முடித்த டாக்டர்கள் கட்டாயம் கிராமத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி 1970-களிலேயே வந்துவிட்டது. மாவட்டம்தோறும் மருத்துவமனையும் ஆளும் இருந்த பிறகுதான் அட்டை வந்தது. அந்த அட்டையும் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறது. தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் தருகிறார்கள். நம் அட்டை ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தருகிறது. ஒன்றில் நோய் வராமல் காத்தால் மருத்துவமனைக்கு லாபம், மற்றதில் ஆபரேஷன் செய்தால்தான் லாபம்.

அதன் விளைவு இங்கேயே தெரிந்திருக்கிறது. 2008-ல் ஏழைக் குடும்பங்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த ஆர்எஸ்பிஒய் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 30,000 ரூபாய். அந்தத் தொகையை எடுப்பதற்காகத் தேவையில்லாமல் பெண்களின் கருப்பையை அகற்றினார்கள் என்று 2012 வாக்கில் சத்தீஸ்கரிலும் பிகாரிலும் பெரும் புகார் கிளம்பியது. இப்போதைய ஆயுஷ்மான் திட்டத்தில் சில சிகிச்சைகளை அரசு மருத்துவமனைக்கு மட்டும் என ஒதுக்கிக்கொள்ள மாநிலங்களுக்கு அனுமதி இருப்பதற்கு இந்த மாதிரிக் கதைகளும் காரணம்.

இன்னொன்று: அட்டை படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதில் வராது. வீட்டுப் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் அந்த ஓபி செலவும் மருந்தும்தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, சரி. ஆனால் மிச்சமிருப்பதை அட்டை தொடாது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை அரசின் மருத்துவச் செலவு 2025-க்குள் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில், 2.5 சதவீதம் ஆக வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்றது. 2021-22-ல் எட்டியது 1.84 சதவீதம்.

மதுரை வாசகி: கோவைக்காரர் சொல்வதில் தப்பென்ன? ஜிஎச்சில் ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, பிள்ளை பிறந்தால் காசு. ஸ்கேனுக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். இலவசம் என்பது பேருக்குத்தான்.

மறுக்க மாட்டேன், இது நிஜம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி ஒரு தடவை படுக்கையில் சேர்ந்தால் ஆகும் மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் சராசரி 4,452 ரூபாய், தனியாரில் 31,845. ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் கேட்கும் நூறு ரூபாய்க்குக் கோபப்படுங்கள், 104-ல் புகார் கொடுங்கள். அதற்காக மருத்துவமனையையே மூடச் சொன்னால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான்.

கோவை வாசகர் மறுபடியும்: பூச்சாண்டி காட்டாதீர்கள். மோசடி அரசிலும் உண்டு. போட்டி என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

மோசடியில் அட்டைப் பக்கமும் சளைத்ததில்லை. ஒரே கைபேசி எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் ஆயுஷ்மான் பயனாளிகள் பதிவாகியிருந்ததை 2023-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை காட்டியது.

போட்டிக்கு வருகிறேன். கண்புரை, மூட்டு மாற்று, ஸ்டென்ட்: செலவு முன்கூட்டியே தெரியும், நாலு நாளில் டிஸ்சார்ஜ். இதற்குப் போட்டி உண்டு. பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், தீக்காயம், ஐசியூவில் எத்தனை நாள் கிடப்பார் என்று தெரியாத முதியவர்: இவர்களுக்காக யாரும் போட்டி போடுவதில்லை, “ஜிஎச்சுக்குக் கொண்டு போங்கள்” என்பார்கள். கோவையில் பத்து மருத்துவமனை இருப்பதால் உங்களுக்குப் போட்டி கண்ணில் படுகிறது. மலைக் கிராமங்களில் எது எதோடு போட்டி போடும்?

தர்மபுரி, செவிலியர்: ஜிஎச்சுக்கு வருகிறவர்களிடமும் காப்பீட்டு அட்டை கேட்கிறோம். இலவசம்தானே, எதற்கு அட்டை என்று சண்டை போடுகிறார்கள். விளக்குங்களேன்.

இன்றைய சண்டையில் உருப்படியான கேள்வி இதுதான். அரசு மருத்துவமனையும் இத்திட்டத்தில் சேர்ந்ததுதான். நீங்கள் அட்டையைக் காட்டினால் உங்கள் ஆபரேஷனுக்கான தொகையைக் காப்பீட்டு நிறுவனம் அந்த ஜிஎச்சுக்குக் கொடுக்கும். அதில் ஒரு பகுதி கருவி வாங்கவும் பழுது பார்க்கவும் மருத்துவமனைக்கு நிற்கும், ஒரு பகுதி சிகிச்சை அளித்த குழுவுக்கு ஊக்கத்தொகை. காட்டாவிட்டாலும் சிகிச்சை கிடைக்கும், ஆனால் மருத்துவமனைக்கு அந்தப் பணம் வராது. உங்கள் 5 லட்சத்தில் கழியும் என்பது உண்மை. அதே ஆண்டில் வீட்டில் வேறு பெரிய ஆபரேஷன் காத்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கோவை வாசகருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அட்டையை ஒழிக்கச் சொல்லவில்லை. அட்டைப் பணம் அரசுக் கட்டடத்துக்குள் போகட்டும் என்கிறேன்.

சேலம் வாசகர்: ரேஷன் கார்டு வைத்திருக்கிறேன், காப்பீட்டு அட்டைக்கு...

முதல் பதில்.

நாகர்கோவில் வாசகர்: ரேஷன் கார்டு இருந்தால் தானாக அட்டை வந்துவிடுமா?

வராது. முதல் பதிலைப் படியுங்கள். நோய் வருவதற்கு முன்.

புதுக்கோட்டை வாசகர்: அரசு மருந்து மட்டமானது, அதனால் இலவசம் என்கிறார்களே?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. மாவட்டக் கிடங்குக்கு வந்த மருந்தை உடனே வெளியே விடுவதில்லை. தயாரிப்பின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம், வேண்டிய மருந்தை வேண்டிய அளவில். சென்னையில் யாரோ கணக்குப் போட்டு அனுப்புவது அல்ல. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் கழகம் அமைத்தன. மருந்து தீர்ந்துபோனால் பெரும்பாலும் டெண்டர் தாமதம் அல்லது அந்த மருத்துவமனையின் பாஸ்புக் தொகை முன்கூட்டியே தீர்ந்தது. தரம் வேறு, இருப்பு வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மண்டபம் முகாமிலிருந்து: இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறோம். எங்களுக்கு உண்டா?

உண்டு. முகாமில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டு யாராவது திருப்பி அனுப்பினால் மேலே சொன்ன எண்ணில் பேசுங்கள்.

சென்னை வாசகர்: ராஜஸ்தானைப் போல மருத்துவ உரிமைச் சட்டம் இங்கே வருமா?

ஜோசியம் தெரியாது. அங்கே நடந்தது இது: 2023 மார்ச் 21-ல் மசோதா நிறைவேறியது. அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்ற பகுதிக்கு எதிராகத் தனியார் டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தச் செலவை அரசு எப்போது, எவ்வளவு திருப்பித் தரும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை, அவர்கள் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஏப்ரல் 4-ல் உடன்பாடு. அரசிடம் நிலமோ சலுகையோ வாங்காத தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு என்றானது. இங்கே 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்துக்கு மட்டும், முதல் 48 மணி நேரத்துக்கு மட்டும் என்று எல்லையை வரைந்து, பணம் தருவது அரசு என்று முதலிலேயே சொல்லிவிட்டது. அதில் வருமான வரம்பும் இல்லை.

கோவை வாசகர் மூன்றாம் முறை: கிராமத்துக்கு டாக்டர் எப்படி வருவார், அதைச் சொல்லுங்கள்.

அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்ப்பவருக்கு எம்.டி. சீட் என்ற ஆசை இருக்கிறது. படித்து முடித்ததும் அரசுக்கே திரும்ப வேண்டும் என்ற ஒப்பந்தமும் இருக்கிறது. இந்த மாதிரி ஒதுக்கீடு கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்ட மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் இருப்பதற்கு இதுதான் முக்கியமான காரணம். எந்த அட்டையும் அவரை அங்கே கொண்டுவராது. இதை எடுத்துவிட்டுப் போட்டியை நம்பச் சொன்னால் நான் இல்லை.

கடலூர் வாசகி: அட்டை வெள்ளத்தில் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டால் காப்பீட்டு எண் வரும், மின்னட்டையை இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கைபேசியிலும், வீட்டில் இன்னொருவர் கைபேசியிலும் குறித்துவைக்கவும்.