சென்னை தான் பிறந்த கதையை நினைவில் வைத்திருக்கிறதா?

தேதி நினைவில் இருக்கிறது, இடம்தான் மறந்துவிட்டது. பாரிமுனையில் ஆறு வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1639 ஆகஸ்ட் 22, உள்ளூர் ஆட்சியாளர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோர நிலத்தைக் கொடுத்ததாகக் கொள்ளப்படும் நாள். 2004 முதல் அதை 'மெட்ராஸ் டே' என்று கொண்டாடுகிறோம். அன்றைக்கு எல்லாருடைய ஸ்டேட்டஸிலும் டிராம் வண்டிப் படம் வந்துவிடும். நிலத்தைப் பேசி வாங்கிய கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே பெயராவது கொஞ்சம் அடிபடும். பேச்சுவார்த்தைக்குத் துணை நின்ற துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) பேரி திம்மப்பாவை யாருக்குத் தெரியும்? கம்பெனி கட்டிய கோட்டையோ தலைமைச் செயலகமாகிவிட்டது, பை சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

எனக்கு உறுத்துவது உயர் நீதிமன்றப் பக்கம்தான். இன்று நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது, அதற்குள் சென்ன கேசவப் பெருமாள் கோயில். கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று 1757இல் கம்பெனி அந்தக் கோயிலை இடித்தது. பிறகு மாற்று இடம் கொடுக்க, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று பூக்கடைப் பகுதியில் சென்ன கேசவருக்கும் சென்ன மல்லீஸ்வரருக்கும் இரட்டைக் கோயில் எழுப்பினார். பழைய கோயில் இருந்த சுற்றுவட்டாரத்தில் ஆங்கிலேயர் இடுகாடும் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சமாதிகளின் பின்னால் பதுங்கிச் சுட்டதால், அப்புறம் அதையும் தரைமட்டமாக்கி, கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலய முற்றத்தில் பாவிவிட்டார்கள். ஆனால் எலிஹு யேலின் சிறு வயது மகன் புதைக்கப்பட்ட கூர்நுனிச் சமாதியைத் தொடவில்லை (ஆமாம், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான், இங்கே கவர்னராக இருந்தவர்). ஊர்ப் பெயரைச் சுமந்த கோயில் இடம் மாறியது, கவர்னர் வீட்டுச் சமாதி அசையவில்லை!

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அந்தக் கோயிலைத் தேடிப் போனேன். தேவராஜ முதலி தெருவுக்குப் பக்கத்தில் சாமந்தி அளந்துகொண்டிருந்த அக்காவிடம், "சென்ன கேசவப் பெருமாள் கோயில் எங்கக்கா?" என்றேன். முழம் போட்ட கை நிற்கவில்லை. "அப்படி ஒண்ணும் இங்க இல்லையே தம்பி" என்றவர், இரண்டு முழம் கழித்து நிமிர்ந்தார்.

"ஓ, பட்டணம் கோயிலா? அதைச் சொல்லேன், இப்படியே நேரா போ."