வயலில் தூவியது துருவக் காற்றில்: கேள்வி பதில்

வட, தென் துருவக் காற்றில் எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களை எப்படி அளக்கிறார்கள், எதற்காக அளக்கிறார்கள்? வாசகர்களின் கேள்விகளுக்குச் சுற்றுச்சூழல் வேதியியல் படித்த ஒருவர் பதில் சொல்கிறார்.

கவிதா, ஈரோடு: ஆலை இல்லை, வயல் இல்லை. அங்கே போய்க் காற்றை ஏன் அளக்க வேண்டும், மேடம்?

ஆலையும் வயலும் இல்லை என்பதால்தான், கவிதா. பக்கத்தில் ஒரு புகைபோக்கி இருந்தால், கிடைக்கும் அளவு அந்த ஊரின் கதையை மட்டுமே சொல்லும். கனடாவின் எல்ஸ்மியர் தீவில், 82 டிகிரி வடக்கில் இருக்கிறது அலர்ட் நிலையம். அங்கே காற்றில் பூச்சிமருந்து இருந்தால், அது பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்ததாகத்தான் இருக்கும். அங்கே 1992 முதலும், நார்வேயின் ஸ்வால்பார்டில் உள்ள செப்பலின் மலையில் 1993 முதலும் தொடர்ந்து அளக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கவலையைத் தூண்டியது காற்று அல்ல, தாய்ப்பால். 1980களின் இறுதியில், கனடாவின் கியூபெக் மாகாணத்தின் வடகோடியில் வாழும் இனுவிட் பழங்குடித் தாய்மார்களின் பாலைச் சோதித்தார்கள். அதில் பி.சி.பி. என்ற ஆலை ரசாயனம், தெற்கே நகரங்களில் வாழும் தாய்மார்களிடம் இருந்ததைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. சீல், திமிங்கிலக் கொழுப்பு அவர்களுடைய பரம்பரை உணவு. நச்சு சேர்வதும் அந்தக் கொழுப்பில்தான். அந்த ரசாயனத்தைத் தயாரிக்காத மக்கள் அதை அதிகமாகச் சுமப்பது பெரிய அநியாயம்.

முருகேசன், திருநெல்வேலி: பிக்கோகிராம் அளவில் இருப்பதை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் சில பிக்கோகிராம்தான் இருக்கும். அதனால் நிறையக் காற்றை இழுக்க வேண்டும். அலர்ட்டில் ஒரு மாதிரிக்கு ஒரு வாரம் பம்பு ஓடுகிறது. பத்தாயிரம் கன மீட்டருக்கும் மேல் காற்று உள்ளே போகிறது. முதலில் கண்ணாடி இழை வடிதாள், தூசியோடு வருவதைப் பிடிக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் ஃபோம், வாயுவாக வருவதைப் பிடிக்கும். பிறகு ஆய்வகத்தில் கரைப்பான் ஊற்றி எடுத்து, சுண்டவைத்து, கருவியில் செலுத்துவார்கள்.

கஷ்டம் கருவியில் இல்லை, சுத்தத்தில். மெத்தையிலும் மின்வயரிலும் தீத்தடுப்பு ரசாயனங்கள் இருக்கின்றன. முகக்கிரீமிலும் டியோடரன்டிலும் சிலாக்சேன் என்ற ரசாயனம் இருக்கிறது. துருவக் காற்றில் தேடுவது இவற்றையும்தான். நிலையத்தில் வேலை பார்ப்பவரே மாதிரியைக் கெடுத்துவிடலாம். அதனால் காற்றை இழுக்காத ஒரு ஃபோமையும் உடன் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, அதையும் சோதிப்பார்கள். இதிலும் அதே அளவு ரசாயனம் இருந்தால் அந்த முடிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இளங்கோவன், மன்னார்குடி: நம் பக்கம் வயலில் தூவிய பி.எச்.சி. பூச்சிமருந்து அங்கே வரை போயிருக்குமா, அம்மா?

போயிருக்கிறது, ஐயா. 1980களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்களும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினரும் வெள்ளாற்றங்கரை வயல்களில் இதைத் தேடினார்கள். நெல்லுக்குப் போட்ட பி.எச்.சி.யில் கிட்டத்தட்ட முழுவதும் காற்றில் ஏறிப் போயிருந்தது. ஆற்றோடு கடலுக்குப் போனது மிகச் சொற்பம். நம் வெயில் அப்படி. விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். போடச் சொன்ன மருந்தைத்தான் அவர் போட்டார்.

உலகிலேயே அதிகம் பயன்படுத்தியது சீனா, அடுத்து இந்தியா. துருவத்தில் எல்லார் மருந்தும் கலந்துதான் கிடைக்கிறது. நம் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சீனா 1983இல் நிறுத்தியது, இந்தியா 1997இல் தடை செய்தது. ஆர்க்டிக் எனும் வட துருவப் பகுதியின் காற்றில் அளவு மளமளவென்று இறங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் பிரமிப்பு. குளிர்ந்த நீரில் இந்த மருந்து நன்றாகக் கரையும். பல வருடமாக அதை வாங்கி வைத்திருந்த ஆர்க்டிக் கடல், காற்று சுத்தமானதும் திருப்பிக் காற்றுக்கே விடத் தொடங்கியது. கடலிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? பி.எச்.சி.யில் உள்ள ஆல்ஃபா வகை மூலக்கூறுக்கு இடது கால், வலது கால் செருப்பு மாதிரி இரண்டு வடிவம் உண்டு. ஆலையில் இரண்டும் சரிபாதியாக உருவாகும். கடல் நுண்ணுயிரிகளோ ஒன்றை வேகமாகச் சிதைத்து மற்றதை விட்டுவைக்கும். பனி விலகிய கடலுக்கு மேலே உள்ள காற்றிலும் அந்தச் சமமின்மை தெரிந்தது.

ஷாகுல், காயல்பட்டினம்: தென் துருவம் தப்பித்ததா?

இல்லை. 1960களிலேயே அடேலி பென்குயின்களின் உடலில் டி.டி.டி. கண்டுபிடித்தார்கள். காற்றை அண்டார்டிகாவில் உள்ள நார்வேயின் ட்ரோல் நிலையம் 2007 முதல் அளக்கிறது.

தேன்மொழி, யாழ்ப்பாணம்: தடை வந்துவிட்டதே, இன்னும் ஏன் செலவு?

தடை வேலை செய்கிறதா என்று வேறு எப்படித் தெரியும்? இத்தகைய ரசாயனங்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2004இல் நடைமுறைக்கு வந்தபோது பட்டியலில் 12 ரசாயனங்கள். இன்று முப்பதுக்கும் மேல், எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து உட்பட. அலர்ட், செப்பலின் அளவீடுகளை வைத்து 2011இல் வந்த ஆய்வு ஒன்று, பனி உருக உருகப் பழைய நச்சு மறுபடி காற்றுக்கு வருவதைக் காட்டியது. பதினைந்து வருடம் விடாமல் எடுத்த அளவீடுகள் இல்லையென்றால் அந்த மெல்லிய ஏற்றம் கண்ணில் பட்டிருக்காது. நடுவில் நாலு வருடம் பணம் இல்லை என்று நிறுத்தினால், பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்த நாலு வருடக் காற்று திரும்பக் கிடைக்காது.

ஹரிணி, கோவை: வேதியியல் படிக்கிறேன் அக்கா. இதில் இந்தியர்களுக்கு இடம் உண்டா?

உண்டும்மா. செப்பலின் மலையடிவாரத்தில் உள்ள நி-ஓலசுண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. பகுப்பாய்வு வேதியியலை எடுத்துப் படி. முதலில் ஒரு சோதனைக் குழாயைக் கறையில்லாமல் கழுவப் பழகு.