மஞ்சள் துணி முடிச்சு – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை ஒரு வருடமாக வாசித்து வருகிறேன். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். வயது 27, மென்பொருள் வேலை. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டது, வீட்டில் அதை நான் மறைத்ததும் இல்லை.

இந்தத் தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்தார். கூட நடந்து வரச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். நம்பாத ஒன்றுக்காக நடப்பது பாசாங்கு என்பது என் கட்சி. நடுவில் மாமா புகுந்து, பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது, சொல் பார்ப்போம் என்றார். நான் பதில் போட, அவர் பதில் போட, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். வாதத்தில் நான் தோற்கவில்லை. இருந்தாலும் ஏதோ உறுத்துகிறது.

கடவுள் உண்டா? உண்டு என்றால் உங்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த வாதம் எது? மதத்தால் சாதியும் சண்டையும் தவிர நமக்கு என்ன கிடைத்தது? என் தலைமுறையில் யாரும் இதையெல்லாம் நம்புவதில்லை, ஆனால் இந்த ஊரில் அதை வெளிப்படையாகப் பேச முடிவதில்லை, இது சரியா? நம்பிக்கை இல்லாதவன் அம்மாவுக்காக நடந்திருந்தால் அது நேர்மையா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

(கடிதம் நாலு பக்கம். சுருக்கியிருக்கிறேன். பெருவெடிப்பு இரண்டு பக்கம் இருந்தது.)

தம்பி,

அறுபதைத் தாண்டியவளை அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்காகவே பதில் போடலாம். ஆனால் காரணம் வேறு. போன வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய மைலோ டின்னும் அதற்குள் ஒரு மஞ்சள் துணி முடிச்சும் கையில் கிடைத்தன. நாலைந்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அந்த முடிச்சின் கதையை அப்புறம் சொல்கிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுவோம். சாதி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, ஆனால் மதத்தை விட்டவர்கள் எல்லாம் சாதியையும் சேர்த்து விட்டுவிட்டார்களா என்று ஒரு கல்யாண விளம்பரப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். உங்கள் தலைமுறையில் யாரும் நம்புவதில்லை என்பது உங்கள் அலுவலக மேசையிலிருந்து எடுத்த கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் இல்லை என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர், அதில் நம் ஆட்கள் சொற்பம். வெளிப்படையாகப் பேச முடியவில்லை என்பதும் சரியில்லை. 1990-ல் வந்த மத நல்லிணக்கச் சட்டம் ஒரு மதத்தார் மேல் இன்னொருவருக்குப் பகையை மூட்டுவதைத் தடுக்கிறது, கடவுள் இல்லை என்று சொல்வதை அல்ல. மூன்று நாள் ராத்திரி பகலாகப் பேசியிருக்கிறீர்கள், யார் வந்து தடுத்தார்கள்? தடுத்திருந்தால் உங்கள் அம்மா இன்னும் குழுவில் இருந்திருப்பார்.

கடவுளுக்கு ஆகச் சிறந்த வாதம் என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். அதையும் கொண்டுபோய் மாமா முன்னால் போட்டு உடைப்பீர்கள்.

ஆனால் ஏதோ நீங்களும் மாமாவும்தான் இந்தச் சண்டையைக் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மணிமேகலையில் 27-வது காதையை எடுத்துப் படியுங்கள். வஞ்சி மாநகரில் அவள் ஒவ்வொரு சமயத்தாராகத் தேடிப்போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கடவுளைச் சொல்கிறவன் இருக்கிறான், இயற்கையிலிருந்தே உலகம் விரிந்தது என்கிற சாங்கியன் இருக்கிறான், எல்லாம் விதிப்படி என்கிற ஆசீவகன் இருக்கிறான். கடைசியாக ஒரு பூதவாதி. உங்கள் கட்சிக்காரன். ஆத்திப்பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றதையும் சேர்த்து ஊறவைத்தால் கள்ளில் போதை பிறக்கிற மாதிரி, நிலம், நீர் மாதிரியான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது, கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்கிறான். மணிமேகலை சிரித்துவிடுகிறாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். கண்டதை மட்டும்தான் ஏற்பாய் என்றால், உன் தாய் தகப்பன் இவர்கள்தான் என்பது உனக்கு எப்படித் தெரியும்?

அவள் பௌத்தப் பெண், கடவுளுக்காக வாதாடவில்லை, அதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் சொல்லி முடிக்கும் வரை காது கொடுத்துக் கேட்கிறாள், அதையும் கவனியுங்கள்.

பாசாங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மீமாம்சகர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. வேள்வியும் சடங்கும் அவர்களைப் போல விடாப்பிடியாகச் செய்தவர்கள் கிடையாது. அவர்களில் பெரியவரான குமாரில பட்டர் உலகத்தைப் படைத்தவன் என்று ஒருவன் இல்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு வாதாடியவர். கடவுளை மறுத்துவிட்டு நெய்யை ஊற்றியவர்கள். சரியா தப்பா என்பது இருக்கட்டும். நடப்பதும் நம்புவதும் ஒரே கயிற்றில்தான் கட்டியிருக்க வேண்டும் என்பது உலக நியதி மாதிரி உங்களுக்குத் தெரிகிறது, அப்படி ஒன்றும் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது நான் பல வருஷமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி அலுக்க வைக்கும் விஷயம். நம்பிக்கை என்ற சொல்லை நீங்கள் கடிதத்தில் பதினோரு இடத்தில் போட்டிருக்கிறீர்கள், எண்ணினேன். எல்லா இடத்திலும் "இருக்கிறார் என்று நம்புவது" என்ற பொருளில். தமிழில் அந்தச் சொல் அப்படியா புழங்குகிறது? மழையை நம்பி விதைத்தான். உன்னை நம்பித்தானே கப்பல் ஏறினேன். நம்பிக் கொடுத்த காசு. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான். இதில் எங்கேயாவது மழை உண்டா இல்லையா, நீ இருக்கிறாயா இல்லையா என்ற கேள்வி வருகிறதா? வருமா வராதா, கைவிடுவாயா மாட்டாயா என்பதுதான் கேள்வி. தொல்காப்பியம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது, "நம்பும் மேவும் நசையாகும்மே" என்று. நம்பு என்றால் நசை. விருப்பம். அவ்வளவுதான் பழைய பொருள். "கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன்" என்பது ஒரு வாக்கியம், "கடவுளை நம்புகிறேன்" என்பது இன்னொரு வாக்கியம். ஒரு ஐ உருபு, தம்பி, அந்த ஒரு ஐ உருபில் எல்லாம் மாறிவிடுகிறது. நீங்களும் மாமாவும் முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் அடித்துக்கொண்டீர்கள். உங்கள் அம்மா இரண்டாவது வாக்கியத்தில் இருப்பவர். அவருக்கு உங்கள் சண்டை புரியாமல் வெளியேறவில்லை. தன்னைப் பற்றி யாருமே பேசவில்லை என்று வெளியேறியிருப்பார். இது என் ஊகம். ஆனால் பலமான ஊகம்.

சரி, என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்தவர். சீர்திருத்தக்காரர். 1929 கடைசியில் பெரியார் கப்பலேறி மலாயாவுக்கும் இங்கேயும் வந்துபோனது, 1932-ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது, 1935-ல் சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியது, இதெல்லாம் எங்கள் வீட்டில் புராணக் கதை மாதிரி. கூடத்தில் பெரியார் படம், சமையலறையில் அம்மாவின் முருகன் படம். எல்லை அவ்வளவு தெளிவு. அப்பா லேசுப்பட்டவரும் இல்லை, சரஸ்வதி பூசைச் சுண்டலை ஒரு கை அள்ளித் தின்றுகொண்டே சரஸ்வதி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள் என்று கேட்பார். அம்மா இரண்டு நாள் பேசமாட்டார்.

அம்மா வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார். 1968-ல் பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா அந்த ஒரு நாள் லீவு போடுவார். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றுவார். அப்பா அதை எடுத்துப் பழைய தமிழ் முரசில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அங்கிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நாலு கிலோமீட்டர் இருக்கும். அம்மா வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. அப்பா ரோட்டோரமாக, கூட்டத்துக்கு வெளியே, அவர் வேகத்துக்கு. பின்னால் நான். கோயில் வந்ததும் அம்மா உள்ளே போய்விடுவார், அப்பா எதிரே நடைபாதையில் நின்றுவிடுவார். ஒரு மணி நேரமானாலும் சரி, இரண்டு மணி நேரமானாலும் சரி. அம்மா வெளியே வந்ததும் காகிதத்தைப் பிரித்து, குனிந்து, இடது வலது மாறாமல் கால் முன்னால் செருப்பை வைப்பார். மேடையில் மைக் பிடித்துப் பேசுகிற மனிதர் அப்படிக் குனிவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை சங்கத்துக்காரர் ஒருத்தர் பார்த்துவிட்டார். "என்னய்யா, நீயுமா?" என்றார். அப்பா பக்திக்கும் போகவில்லை, பகுத்தறிவுக்கும் போகவில்லை. "தார் கொதிக்குதுய்யா" என்றார். அவ்வளவுதான்.

இதைச் சொல்லி உங்கள் கண்ணைக் கசியவைப்பது என் நோக்கம் இல்லை. அந்த மைலோ டின்னுக்கு வருகிறேன்.

1998-ல் அம்மா போய்ச் சேர்ந்தார். முப்பது நாள் கழித்து அவருடைய பெட்டியை ஒழிக்கும்போது அந்த டின் வந்தது. உள்ளே பழைய மின்கட்டண ரசீது, இரண்டு ஊக்கு, ஒரு மஞ்சள் துணி முடிச்சு. மஞ்சள் நிறம் போய்ப் பழுப்பாகியிருந்தது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள், காரியம் நல்லபடியாக முடிந்ததும் கோயில் உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இது சேராத காசு.

அப்பா இரண்டு ராத்திரி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தாளில் பட்டியல் போட்டார், கப்பல் சரக்குக் கணக்கு எழுதுகிற அதே கையெழுத்தில். எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. என் தம்பி தேசிய சேவைக்குப் போனது. வடம் அறுந்து அப்பாவின் தோளில் அடித்தது. எனக்கு முன்னால் பிறந்து நாற்பது நாளில் போன குழந்தை. எதற்காக முடிந்தாள்? எந்தக் கோயிலுக்கு? நான் பொறுக்கமாட்டாமல், "உங்களுக்குத்தான் சாமியே கிடையாதே, பெருமாள் கோயில் உண்டியல்ல போட்டுட்டு வந்துர்றேன்" என்றேன்.

"காமாலைக்கு முடிஞ்சிருந்தா நீ பொழைச்சுக்கிட்ட, காசு கட்டணும். அந்தப் பிள்ளைக்கு முடிஞ்சிருந்தா கட்டக் கூடாது, கட்டினா அவளைக் கேலி பண்ண மாதிரி" என்றார்.

"சாமி இல்லன்னா ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

"சாமி இல்லம்மா. கடன் அவளோடது."

நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், எதற்காக வேண்டிக்கொண்டாய் என்று ஒரு தடவைகூட அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற வீம்பு. நானும் கேட்டதில்லை. எனக்கு வீம்பு கிடையாது, அக்கறை இல்லை. அப்பா பட்டியலை முடிக்காமலே 2006-ல் போய்விட்டார். டின் என்னிடம் வந்தது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தால் ஐம்பது காசு மாதிரி இருக்கிறது.

உங்கள் நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன், தம்பி. மாமாவின் வாதம் எங்கே ஓட்டை, வெற்றிடத்திலிருந்து பொருள் எப்படி வரும், எல்லாம் இருக்கிறது. உங்கள் அம்மா எதற்காகப் பால்குடம் எடுத்தார் என்று ஒரு வரி இல்லை. சும்மா எடுத்தாரா, வேண்டுதலா? வேண்டுதல் என்றால் யாருக்கு? இதுதான் முதல் தடவையா? 27 வயதுப் பையன், போன வருஷம் உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததா, வேலை போய்த் திரும்பக் கிடைத்ததா? இல்லை, உங்களுக்குத் தெரியாமல் அவருக்கே ஏதாவது இருந்ததா? கூட வா என்று கேட்டவரிடம் எதற்கு என்று கேட்காமல், உண்டா இல்லையா என்று மாமாவிடம் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது. பாதி என் மேலேயே வந்த கோபம், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

நடந்திருந்தால் நேர்மையா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள், அடுத்த பூசத்துக்கு நாள் இருக்கிறது. அம்மாவைத் திரும்பக் குழுவில் சேர்த்துவிடாதீர்கள், மறுபடியும் வெளியேறுவார். நேரில் போய்க் கேளுங்கள். கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருக்கும்போது கேட்டால் சொல்வார்கள், முகத்துக்கு நேரே உட்காரவைத்துக் கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.