ஜோஷிமட்டில் ஒரு நடுக்கம் – கடிதம்

வணக்கம் சார்,

அம்மாவை பத்ரிநாத் அழைத்துப் போகும் வழியில் ஜோஷிமட்டில் தங்கினோம். நள்ளிரவில் கட்டில் ஆடியது, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடித்து நின்றது. பதறி எழுந்து ஓடினால் லாட்ஜ்காரர் சிரிக்கிறார். "சின்னச் சின்னதா வந்தா நல்லதுதான், உள்ளே அழுத்தம் குறையும், பெரிசு வராது" என்றார். உண்மையா? நாய்களுக்கு முன்பே தெரியுமாமே? தேதி சொல்ல முடியாத விஞ்ஞானிகள் மேப்பில் வட்டம் வட்டமாக வரைந்து என்ன பயன்?

மீனா

அன்புள்ள மீனா,

அம்மா அன்றைக்கு மிச்ச ராத்திரி தூங்கியிருக்க மாட்டார், பாவம். நாய்க் கதையை விடுங்கள், நாய் தினமும்தான் குரைக்கிறது. தேதி யாராலும் சொல்ல முடியாது, வாட்ஸப்பில் சொல்பவரை பிளாக் செய்யுங்கள்.

லாட்ஜ்காரர் பேச்சுக்கு வருகிறேன். டிவியில் உட்கார்ந்து படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரிக்டர் எண் ஒன்று கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். 8 அளவு நடுக்கம் ஒன்றின் சக்தியை 3 அளவு நடுக்கங்களாலேயே தீர்ப்பதென்றால் 3 கோடி வேண்டும். ஆனால் எண் ஒன்று குறைந்தால் எண்ணிக்கை சுமார் பத்து மடங்குதான் கூடுகிறது, ஆக ஓர் 8க்கு ஒரு லட்சம் 3தான் கிடைக்கும். மூன்று கோடி கடனுக்கு ஒரு லட்சம் கட்டிவிட்டு யாராவது நிம்மதியாக இருப்பார்களா? இதில் கடன் வேறு ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்திய நிலத்தட்டு இமயத்துக்கு அடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நுழைகிறது. ஜோஷிமட் இருக்கும் கார்வால் பகுதியைக் குலுக்கிய 1803 நடுக்கத்துக்குப் பிறகான கணக்கை மட்டும் எடுத்தாலே 4 மீட்டரைத் தாண்டுகிறது. தட்டு நுழையும் அந்தப் பிளவு ஆழத்தில் மெல்ல வழுக்குகிறது, மேலே நகராமல் பூட்டிக் கிடக்கிறது. இரண்டும் சேரும் இடத்தை ஒட்டி, உயர்ந்த சிகரங்களுக்குச் சற்றுத் தெற்கே, பெரும்பாலும் 10 முதல் 20 கி.மீ. ஆழத்தில், சின்ன நடுக்கங்கள் ஒரு பட்டையாக வருகின்றன. பூட்டு இன்னும் விடவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். லாட்ஜ்காரர் தொழில் நடத்த வேண்டும், அவர் அப்படித்தான் சொல்வார். நீங்கள் ஏன் நம்புகிறீர்கள்?

வட்டம் வட்டமாக என்று எழுதினீர்களே, அதற்கு உங்களைத் திட்டியே ஆக வேண்டும். டேராடூனில் ஓர் ஆராய்ச்சி மாணவர் அந்த வேலையை எனக்குக் காட்டியிருக்கிறார். நிலநடுக்கத்தைப் பதியும் நிலையம் ஒன்றின் பதிவு, திரையில் ஒரு கோடாக சும்மா நடுங்கிக்கொண்டே ஓடுகிறது, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நடுக்கம் தொடங்கும் அந்த முதல் துளி அசைவு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்க்கிறார். மேலே என்றால் நிலம் அந்த நிலையத்தை நோக்கித் தள்ளியிருக்கிறது, கீழே என்றால் இழுத்திருக்கிறது. சுற்றியுள்ள நிலையங்களிலெல்லாம் இதைக் குறித்து, தள்ளிய பக்கம் கறுப்பு, இழுத்த பக்கம் வெள்ளை என்று பிரித்தால் வருவதுதான் அந்த வட்டம், பீச் பால் என்பார்கள். பாறை எந்தச் சாய்வில் எந்தப் பக்கம் வழுக்கியது என்பது அதில் இருக்கிறது. வட்டத்தை இரண்டு தளங்கள் வெட்டும், அதில் எது நிஜப் பிளவு என்பதற்கு அப்புறம் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நிலையம் மட்டும் அவருக்கு ஒத்தே வரவில்லை. எங்கேயோ தொலைதூரத்தில் வந்த பெரிய நடுக்கம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் மற்ற நிலையங்களிலெல்லாம் முதல் அசைவு மேலே, இதில் மட்டும் கீழே. சென்சார் மாற்றப் போன யாரோ வயரைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! மனுஷன் ஒருவரையும் திட்டாமல், அந்தத் தேதியிலிருந்து எல்லாக் குறியையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

இப்படிப் பார்த்துத்தான் 1991 உத்தரகாசி நடுக்கமும் 1999 சமோலி நடுக்கமும் வடக்கே லேசாகச் சாய்ந்த தளத்தில் பாறை மேலேறியதால் வந்தவை என்று சொல்கிறார்கள். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதும் இதே மோதலில், வடக்கே திபெத் கிழக்கு மேற்காக இழுபட்டுக் கிழிகிறது, அங்கே வட்டங்களின் முகமே வேறு. சாய்வும் ஆழமும் தெரிந்தால்தான் எந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட முடியும். உத்தரகாசியில் நடுக்கம் வந்தது விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன்பு, எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வீடு இடிந்துதான் செத்தார்கள்.

ஜோஷிமட்டே பழைய நிலச்சரிவு மண்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர், 2023 ஜனவரியில் வீடு வீடாக விரிசல் விட்டது. அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிப்போனால், வாடகை குறைவு என்று சரிவில் எழுப்பிய ஐந்து மாடியில் அறை எடுக்காதீர்கள்.